டி செல் கணக்கெடுப்புப் பரிசோதனை: அக்கி வந்த ஓர் ஆசிரியையின் மதிப்புரை

சென்ற ஆண்டு ஆடி மாதம் வலப்பக்க விலாவிலும், இந்த ஆண்டு பங்குனியில் அதே பக்கத் தோள்பட்டையிலுமாக, எட்டு மாத இடைவெளியில் எனக்கு இரண்டு முறை அக்கி வந்தது. ஒரு முறை வந்தால் வயதைக் காரணம் சொல்லிவிடலாம். எனக்கு 64 ஆகிறது. இரண்டாவது முறையும் வந்ததால், சர்க்கரை, எச்.ஐ.வி., முழு ரத்த எண்ணிக்கை ஆகியவற்றைப் பார்த்து அவற்றில் குறையொன்றும் காணாத மருத்துவர், வெள்ளணுக்களில் ஒரு பிரிவான லிம்ஃபோசைட்டுகளை, முக்கியமாக அவற்றுள் அடங்கும் டி செல்களை, வகை பிரித்து எண்ணும் 'லிம்ஃபோசைட் உட்பிரிவுப் பரிசோதனை' ஒன்றையும் செய்துவிடச் சொன்னார். பாளையங்கோட்டையில் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துச் சென்னையிலுள்ள தங்கள் மைய ஆய்வகத்துக்கு அனுப்பும் தனியார் நிறுவனம் ஒன்றில் 3,800 ரூபாய் கட்டிச் செய்துகொண்டேன். முப்பத்தோரு ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் கற்பித்தவள் என்பதால், கைக்கு வந்த இரண்டு பக்க அறிக்கையை விடைத்தாள் திருத்தும் பழக்கத்தோடுதான் படித்தேன். நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. இதே பரிசோதனையை வேறு எங்கே செய்தாலும் அறிக்கையின் அமைப்பு ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும். ஆகவே அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதே காசு கட்டப்போகிறவர்களுக்குப் பயன்படும்.

ரத்தம் எடுக்க வந்த இளைஞர் சொன்னபடி காலை 7.10 மணிக்கு வந்தார். ஒரே குத்தில் நரம்பைப் பிடித்தார். ஊதா மூடியிட்ட ஈ.டி.டி.ஏ. குழாயில் 3 மில்லி எடுத்துக்கொண்டார். அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு அந்தக் குழாயையும் மற்ற வீடுகளில் எடுத்த குழாய்களோடு சேர்த்துக் குளிர்ப்பைகள் அடுக்கிய பெட்டிக்குள் வைக்கப் போனார். உயிருள்ள வெள்ளணுக்களை எண்ணும் இந்தப் பரிசோதனைக்கான ரத்தம் அறை வெப்பநிலையில்தான் பயணம் செய்ய வேண்டும் என்பதால் தடுத்தேன். "எல்லா டியூபும் இதுலதாம்மா போகும்" என்றார். மேலாளரிடம் ஒரு முறை கேட்டுவிடுமாறு வற்புறுத்தியதும் தொலைபேசியில் கேட்டுவிட்டு, குழாயைப் பஞ்சில் சுற்றிப் பெட்டிக்கு வெளியே இருந்த பையில் வைத்துக்கொண்டார். பிழை அவருடையது அன்று, அவருக்குச் சொல்லித்தராதவர்களுடையது. நான் சொல்லியிருக்காவிட்டால் அந்தக் குழாய் எப்படிப் போயிருக்கும் என்பதை மட்டும் படிப்பவர்களின் ஊகத்துக்கு விடுகிறேன்.

நேரத்தைப் பற்றியும் ஒரு குறை உண்டு. இதற்கு வெறும் வயிறு தேவையில்லை. ஆனாலும் பத்து மணி நேரம் சாப்பிடாமல் இருக்கும்படி செயலியில் அறிவுரை வந்தது. உண்மையில் தேவைப்படும் குறிப்பு, ரத்தம் எடுத்த நேரம். அதுவோ அறிக்கையில் இல்லை, ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்த நேரம் மட்டுமே இருக்கிறது. ரத்தத்தில் திரியும் டி செல்களின் எண்ணிக்கை ஒரே நாளுக்குள் கூடிக் குறைவது. கார்ட்டிசோல் ஹார்மோனின் ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்து அவை ரத்தத்துக்கு வருவதும் எலும்பு மஜ்ஜைக்கும் நிணநீர் முடிச்சுகளுக்கும் திரும்புவதுமாக இருக்கின்றன. நண்பகலை ஒட்டி எடுத்த எண்ணும் இரவில் எடுத்த எண்ணும் ஒரே ஆளுக்கு ஒத்துப்போகாது. ஸ்டீராய்டு மாத்திரை விழுங்கிய சில மணி நேரத்திலும் எண்ணிக்கை சட்டென விழும். ஆறு மாதம் கழித்து மறுபடியும் பார்க்கச் சொன்னால் அதே நேரத்தில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும் என்பதால், 7.10 என்று நானே அறிக்கையின் ஓரத்தில் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன்.

எண்ணும் முறை அழகானது. அதைச் சொல்லாமல் இந்தச் சேவையை மதிப்பிட முடியாது. நுண்ணோக்கியில் பார்த்தால் எல்லா லிம்ஃபோசைட்டும் ஒரே மாதிரி உருண்டைதான். டி செல், பி செல், இயற்கைக் கொல்லி செல் என்று கண்ணால் பிரிக்க முடியாது. ஆகவே அவற்றின் மேற்பரப்பில் இருக்கும் புரதங்களைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒளிரும் சாயத்தை இணைத்து ரத்தத்தில் கலக்கிறார்கள். சிவப்பணுக்களை உடைத்து நீக்குகிறார்கள். எஞ்சியவற்றை நூல்போன்ற நீரோட்டத்தில் ஒன்றன்பின் ஒன்றாக லேசர் கதிரின் முன் ஓடவிட்டு, எந்தெந்த நிறம் மின்னுகிறது என்று கணக்கெடுக்கிறார்கள். ஒரு நொடிக்கு ஆயிரக்கணக்கில் எண்ணிவிடும். ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டுமளவு உண்டாக்கும் வழியை 1975ஆம் ஆண்டில் கோலரும் மில்ஸ்டைனும் கண்டதால்தான் இது சாத்தியமாயிற்று. உலகெங்குமுள்ள ஆய்வகங்கள் ஆளுக்கொரு பெயரிட்டு அழைத்த மேற்பரப்புப் புரதங்களுக்குப் பொதுவான எண் கொடுக்க 1982இல் பாரிசில் கூடினார்கள்; சிடி3, சிடி4, சிடி8 என்று அறிக்கையில் நாம் காணும் எண்கள் அந்தப் பட்டியலிலிருந்து வந்தவை. இவை செல்லின் பெயர்களல்ல, செல் அணிந்திருக்கும் சட்டையின் அடையாளங்கள். சட்டையைப் பார்த்துப் பள்ளியைச் சொல்லலாம், படிப்பைச் சொல்ல முடியாது என்பதை என் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. அறிக்கையைப் படிக்கும்போது அந்த நினைவு அடிக்கடி வந்தது.

முதல் வரி சிடி3: ஒரு மைக்ரோலிட்டருக்கு 1,207, மொத்த லிம்ஃபோசைட்டில் 71 விழுக்காடு. சிடி3 என்பது டி செல் தன் இலக்கை அடையாளம் காணும் ஏற்பியோடு ஒட்டியே இருக்கும் புரதம் என்பதால் எல்லா டி செல்லுக்கும் பொதுவானது. டி என்ற எழுத்து தைமஸ் சுரப்பியைக் குறிக்கும். நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சுரப்பியால் பயனொன்றுமில்லை என்று 1960 வரை கருதிவந்தார்கள். பிறந்த உடனேயே எலிக்குஞ்சுகளின் தைமஸை அகற்றினால் அவை தொற்றுக்குப் பலியாவதையும், பிற எலியின் தோலை ஒட்டினாலும் நிராகரிக்காததையும் 1961இல் ஜாக் மில்லர் காட்டினார். மஜ்ஜையில் பிறந்த செல்கள் அங்கே வந்துதான் பள்ளி முடிக்கின்றன. புரதத் துணுக்குகளைச் செல்லின் மேற்பரப்பில் ஏந்திக் காட்டும் எம்.எச்.சி. மூலக்கூறுகளில் தன் உடலுக்குரியவற்றை அடையாளம் காணத் தெரியாதவை அங்கேயே மடிகின்றன. தன் உடலின் புரதங்களையே எதிரியாக எண்ணி முறைப்பவையும் அங்கேயே அழிக்கப்படுகின்றன. இப்படி வடிகட்டியபின் வெளியே வருபவை மிகச் சிலவே. பருவ வயதுக்குப் பிறகு அந்தச் சுரப்பி கொஞ்சம் கொஞ்சமாகக் கொழுப்பாகி வற்றிவிடும். என் வயதில் 1,207 என்ற எண்ணை நிரப்புபவை பெரும்பாலும் புதிதாகத் தேர்ச்சி பெற்றவை அல்ல, முன்பே வெளியே வந்தவையும் அவற்றின் பிரதிகளும்தான். எண்ணிக்கை நிறைவாக இருந்தும் அதற்குள் புதுமுகங்கள் குறைந்திருக்கலாம். அறிக்கை இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. இன்னும் எந்தக் கிருமியையும் சந்திக்காத கன்னிச் செல்களையும், சந்தித்ததை மறவாத நினைவுச் செல்களையும் பிரித்துக் காட்ட சிடி45-இன் இரு வடிவங்களுக்கான சாயங்களையும் சேர்க்க வேண்டும். அது வேறு தொகுப்பு, வேறு கட்டணம் என்று பிறகு தெரிந்தது.

இரண்டாவது வரியான சிடி4தான் பலரும் தேடிப் பார்க்கும் வரி. எனக்கு 646. வளர்ந்தவர்களுக்கு வழக்கமாகச் சொல்லும் 500 முதல் 1,500 வரையான எல்லைக்குள் இருக்கிறது. இவற்றை உதவி டி செல்கள் என்று பாடத்தில் ஒற்றை வரியில் கடந்துவிடுவோம். அந்த ஒற்றை வரிக்குள் ஒரு நிர்வாகமே இருக்கிறது. இவை நோய்க்கிருமியை நேரில் பார்ப்பதில்லை. கிளைச்செல்கள் கிருமியை விழுங்கி, அதன் புரதத் துணுக்குகளை எம்.எச்.சி. இரண்டாம் வகை மூலக்கூறின்மேல் ஏந்திக் காட்டும்போதுதான் தனக்குரிய துணுக்கு எது என்று சிடி4 செல் கண்டுகொள்கிறது. கண்டுகொண்டபின் என்ன வேலைக்குப் போவது என்பதை அப்போது சுற்றியிருக்கும் சைட்டோகைன்கள், அதாவது செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் தூதுப் புரதங்கள், முடிவு செய்கின்றன. இன்டர்ஃபெரான் காமா என்ற சைட்டோகைனைச் சுரக்கும் முதல் வகையாக மாறினால், காசநோய்க் கிருமியை விழுங்கிவிட்டுச் செரிக்க முடியாமல் தவிக்கும் பெருவிழுங்கு செல்லை உசுப்பிவிடும். இன்டர்லூகின் 4, 5, 13 சுரக்கும் இரண்டாம் வகையானால் குடற்புழுவுக்கு எதிராக நிற்கும். புழு இல்லாத வீட்டில் அதே வகை தூசிக்கும் மகரந்தத்துக்கும் பொங்கித் தும்மலையும் இழைப்பையும் தரும். இந்த இருபிரிவை 1986இல் மோஸ்மனும் காஃப்மனும் எலிச்செல்களில் காட்டினார்கள். பின்னால் கண்டறியப்பட்ட பதினேழாம் வகை, நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்களை அழைத்துத் தோலையும் குடற்சுவரையும் பூஞ்சையிடமிருந்து காக்கும். அளவு மீறினால் சொரியாசிஸில் தோலைச் சிவக்க வைப்பதிலும் அதற்குப் பங்குண்டு. நிணநீர் முடிச்சுக்குள்ளேயே தங்கி, பி செல்கள் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தரம் உயர்த்தும் நுண்ணறை உதவிச் செல் இன்னொன்று. தடுப்பூசி போட்டபின் நல்ல எதிர்ப்பொருள் கிடைக்கிறதென்றால் அதில் பெரும்பங்கு இதற்குரியது.

இந்த வகைகள் அத்தனையும் என் அறிக்கையில் 646 என்ற ஒரே எண்ணுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. அதைவிட வியப்பு, இவற்றுக்கு நேர் எதிரான வேலை செய்யும் ஒழுங்குபடுத்தும் டி செல்லும் அதே எண்ணுக்குள்தான் இருக்கிறது. வகுப்பில் 'அடக்கி டி செல்' என்று ஒரு வகையை ஆண்டுதோறும் சொல்லிக்கொடுத்தவள் நான். 1970களில் பெரிதாகப் பேசப்பட்ட அந்தக் கருத்து 1980களில் சான்று கிடைக்காமல் ஆய்வாளர்களாலேயே கைவிடப்பட்டதென்பதும், 1995இல் ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி, சிடி4 செல்களிலேயே சிடி25-ஐயும் ஏந்திய சிறு பிரிவொன்று தன்னுடலைத் தாக்கும் செல்களை அடக்கிவைப்பதைக் காட்டி வேறொரு வடிவில் அதை மீட்டார் என்பதும் எனக்குப் பணி ஓய்வுக்குப் பிறகுதான் தெரிந்தது. தோல் செதிலாகி இளமையிலேயே மடியும் எலி இனமொன்றில் கெட்டுப்போயிருந்த ஃபாக்ஸ்பி3 மரபணுவை 2001இல் அடையாளம் கண்ட மேரி பிரன்கோவுக்கும் ஃப்ரெட் ராம்ஸ்டெல்லுக்கும் சகாகுச்சியோடு சேர்த்து 2025இன் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஒழுங்குபடுத்தும் டி செல்லை அடையாளம் காட்டும் ஃபாக்ஸ்பி3 புரதம் செல்லின் உட்கருவுக்குள் இருப்பது. செல்லின் வெளிச்சட்டையை மட்டும் பார்க்கும் சாதாரணத் தொகுப்பின் கண்ணுக்கு அது தென்படாது. சிடி4 செல்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை இவையே என்பதால் என் 646இல் முப்பது முதல் அறுபது வரை காவலரைக் காவல் காக்கும் செல்கள். சிடி4 கூடினால் எதிர்ப்பாற்றல் கூடிற்று என்று நேர்கோட்டில் சொல்வோர் இந்த ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது வரி சிடி8: 510. கொல்லி டி செல்கள் என்ற பெயர் இவற்றுக்குப் பொருந்தும். உட்கரு உள்ள ஏறத்தாழ எல்லா செல்லும் தனக்குள் உருவாகும் புரதங்களின் மாதிரித் துணுக்குகளை எம்.எச்.சி. முதல் வகையின்மேல் வைத்து வாசலில் காட்டிக்கொண்டே இருக்கிறது. வைரஸ் நுழைந்த செல் தன்னையறியாமல் வைரஸின் துணுக்கையும் காட்டிவிடும். சிடி8 செல் அதைக் கண்டுகொண்டால் நெருங்கி ஒட்டி, பெர்ஃபோரின் என்ற புரதத்தால் சவ்வில் துளையிட்டு, கிரான்சைம் என்ற நொதிகளை உள்ளே செலுத்தி அந்தச் செல்லைத் தற்கொலைக்குத் தூண்டுகிறது. வைரஸின் துணுக்கு மட்டும் போதாது, அதை ஏந்தும் மூலக்கூறும் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று 1974இல் கான்பெராவில் டோஹர்ட்டியும் சிங்கர்நாகலும் கண்டார்கள். அதற்கு 1996இல் நோபல் பரிசு பெற்றார்கள். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் அதை உடல் நிராகரிக்காதிருக்க ஆயுளுக்கும் மாத்திரை விழுங்க வேண்டியிருப்பதன் வேரும் இதே மூலக்கூறுகளில்தான் இருக்கிறது.

சிடி4க்கும் சிடி8க்குமான விகிதம் 1.27 என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். இந்த எண்ணுக்கு இவ்வளவு மரியாதை தேவையா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. நம் நாட்டில் வளர்ந்தவர்களில் பெரும்பாலோரின் உடலில் குடியிருக்கும் சைட்டோமெகலோ வைரஸ், அதற்கென்று ஒதுக்கிய சிடி8 செல்களை ஆண்டுக்காண்டு பெருகச் செய்வதால், வயதானவர்களுக்கு இந்த விகிதம் வேறெந்த நோயும் இல்லாமலே தாழ்ந்திருக்கக்கூடும். அடிக்குறிப்பில் அதற்கு ஒரு வரி எழுதியிருந்தால், இரவெல்லாம் இணையத்தில் தேடிப் பயப்படுவோரின் தூக்கம் பிழைத்திருக்கும். எல்லைகள் எந்த மக்களிடம், எந்த வயதினரிடம் அளந்து வைத்தவை என்பதும் குறிக்கப்படவில்லை.

கணக்குச் சரிபார்ப்பில் முழு மதிப்பெண் தரலாம். டி செல் 71, பி செல் 12, இயற்கைக் கொல்லி செல் 15 ஆகக் கூட்டினால் 98 வருகிறது. நூறுக்கு இவ்வளவு அருகே நிற்பது எண்ணிய முறை ஒழுங்கானது என்பதற்கு அடையாளம். சிடி4இன் 38ஐயும் சிடி8இன் 30ஐயும் கூட்டினால் 68. மொத்த டி செல்லோ 71. விடுபட்ட மூன்று விழுக்காடு பிழையன்று. இரண்டு சட்டையும் அணியாத டி செல்களும் உண்டு, அவற்றுள் முக்கியமானவை காமா-டெல்டா வகை. எம்.எச்.சி. ஏந்தித் தரும் வரை காத்திராமல், நெருக்கடியிலிருக்கும் செல்லை நேராக இனங்காணும் இவை தோலிலும் குடலிலும் காவல் நிற்பவை. மனிதரில் சிறுபான்மையான இவை கன்றுக்குட்டிகளின் ரத்தத்தில் ஏராளமாக இருக்கும். ஏன் மாட்டுக்கு இவ்வளவு என்று எந்த மாணவியும் என்னைக் கேட்டதில்லை, கேட்டிருந்தால் விழித்திருப்பேன்.

இனி என் கேள்விக்கு வருகிறேன். அக்கி ஏன் திரும்ப வந்தது? சின்னம்மை போட்ட காலத்தில் உடலுக்குள் வந்த வேரிசெல்லா சோஸ்டர் வைரஸ், தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் ஆயுள் முழுவதும் ஒளிந்திருக்கிறது. அது தலைதூக்காமல் பார்த்துக்கொள்பவை அதற்கென்றே பயிற்சி பெற்ற நினைவு டி செல்கள். எதிர்ப்பொருள் அந்த வேலையைச் செய்வதில்லை. வயதானவர்களின் ரத்தத்தில் இந்த வைரஸுக்கான எதிர்ப்பொருள் குறையாமல் இருக்கும்போதே அக்கி வருகிறது. அப்படிப் பயிற்சி பெற்ற சிடி4 செல்கள் ஆயிரத்துக்கு ஒன்று இருந்தாலே அதிகம். ஒரு மைக்ரோலிட்டரில் என்னிடமிருக்கும் 646இல் அந்த ஒன்றுகூட இல்லாமல் போனாலும் அறிக்கை 645 என்று காட்டி 'இயல்பு' என்றே சொல்லும். 3,800 ரூபாய் கட்டிப் பெற்ற விடைக்கும் நான் கேட்ட கேள்விக்கும் உள்ள தூரம் இதுதான்.

இங்கிலாந்தின் சைரன்செஸ்டரில் பொது மருத்துவராக இருந்த எட்கர் ஹோப்-சிம்சன், தம்மிடம் வந்த நோயாளிகளைப் பல ஆண்டுகள் குறித்துவைத்து 1965இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: அக்கி என்பது ஒளிந்திருந்த சின்னம்மைக் கிருமியே மறுபடி எழுவது, சின்னம்மை வந்த குழந்தைகளோடு பழகுகிறவர்களுக்கு எதிர்ப்பு அவ்வப்போது புதுப்பிக்கப்படுகிறது. அதைப் படித்தபோது என் வகுப்பறை நினைவுக்கு வந்தது. பங்குனி, சித்திரை வெயிலில் ஆண்டுதோறும் நாலைந்து பிள்ளைகளுக்கு அம்மை போடும். வேப்பிலை செருகிய வீட்டிலிருந்து அவர்கள் திரும்பிவரும் வரை அவர்களின் வரிசை காலியாக இருக்கும். அப்படிப்பட்ட கோடைகளை முப்பது கடந்தவள், ஓய்வுபெற்று ஆறு ஆண்டுகளாக வீட்டில் இருக்கிறேன். இதுதான் காரணம் என்று சொல்ல என்னிடம் சான்று இல்லை. ஆனால் அறிக்கையிலிருந்த எந்த எண்ணையும்விட இந்த எண்ணம் என் கேள்விக்கு அருகில் வந்தது.

செயல்திறனைச் சோதிக்கும் பரிசோதனைகள் இல்லாமல் இல்லை. காசநோய்க் கிருமியின் புரதச்சாறான டியூபர்குலினைத் தோலுக்குள் செலுத்தி 48 முதல் 72 மணி நேரத்துக்குள் தடிப்பை அளக்கும் மான்டூ சோதனை, நூறாண்டுப் பழமை உடையதானாலும் டி செல்கள் வேலை செய்வதை நம் கையிலேயே காட்டுவது. ரத்தத்தைக் காசநோய்க் கிருமியின் புரதங்களோடு ஊறவைத்து எவ்வளவு இன்டர்ஃபெரான் காமா சுரக்கிறது என்று பார்ப்பதும் அதே வழியில் வந்த பரிசோதனை. நான் செய்துகொண்டதில் இப்படிப்பட்ட தூண்டல் எதுவுமில்லை. ஓடும் செல்களை நிறம் பார்த்து எண்ணுவது மட்டுமே. மேலும் உடலின் லிம்ஃபோசைட்டுகளில் நூற்றுக்கு இரண்டளவே ஒரு நேரத்தில் ரத்தத்தில் இருக்கின்றன. மற்றவை நிணநீர் முடிச்சு, மண்ணீரல், குடல், மஜ்ஜை, தோல் ஆகியவற்றில். தோலிலேயே தங்கிவிட்டு ரத்தத்துக்குத் திரும்பாத நினைவுச் செல்களை ஊசியால் எடுக்கவே முடியாது. பேருந்து நிலையத்தில் நிற்பவர்களை எண்ணி ஊரைக் கணிப்பது போன்ற வேலை இது.

ஆனால் அந்தத் தலையெண்ணிக்கையே உயிர்காக்கும் இடங்கள் உண்டு என்பதை மறந்து இந்தச் சேவையைக் குறைத்து மதிப்பிட்டால் அது நேர்மையாகாது. எச்.ஐ.வி. தன் நுழைவாயிலாகப் பிடித்துக்கொள்வதே சிடி4 புரதத்தை. அந்தச் செல்கள் 200க்குக் கீழே போனால், சாதாரண உடலை ஒன்றும் செய்யாத கிருமிகள் நுரையீரலையும் மூளையையும் பிடிக்கின்றன. இந்தியாவில் அந்தத் தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986இல் சென்னையில்தான், மருத்துவர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் செய்த ஆய்வில். 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டுமருந்தைத் தொடங்கிய முதல் சில மருத்துவமனைகளில் தாம்பரம் நெஞ்சக மருத்துவமனையும் ஒன்று. யாருக்கு மருந்து, யார் காத்திருக்க வேண்டும் என்பதை அப்போது முடிவு செய்தது இந்த ஒற்றை எண்தான். உலக சுகாதார நிறுவனம் அந்த வரம்பை 2010இல் 350 ஆகவும் 2013இல் 500 ஆகவும் உயர்த்தி, 2015இல் எண் எதுவானாலும் தொற்று இருந்தாலே மருந்து என்று சொல்லிவிட்டது. சிடி4 எண்ணுக்கு இருந்த வாயிற்காவலர் பதவி அன்றோடு போயிற்று. யாருக்கு நிமோனியாத் தடுப்பு மாத்திரை தேவை என்று சொல்லும் வேலை இன்னமும் அதனிடமே இருக்கிறது. உறுப்புமாற்று செய்துகொண்டவர்கள், புற்றுநோய் மருந்தெடுப்பவர்கள், பிறந்த சில மாதங்களிலேயே ஓயாமல் தொற்று வரும் குழந்தைகள் ஆகியோருக்கும் இந்த அறிக்கை காசுக்கு மேலே பயன் தரும். பிறவியிலேயே டி செல் இல்லாத குழந்தையை இந்த முதல் வரி ஒன்றே காட்டிக்கொடுத்துவிடும்.

எனக்குப் பிடிக்காதது அறிக்கையின் கடைசி வரி. 'நோய் எதிர்ப்பு நிலை: இயல்பு' என்று கையொப்பத்துக்கு மேலே அச்சிட்டிருந்தார்கள். எண்ணியவை எல்லைக்குள் இருக்கின்றன என்று எழுத மட்டுமே அந்தப் பரிசோதனைக்கு உரிமை உண்டு. அந்த அறிக்கை வந்த இருபது நிமிடத்துக்குள், எதிர்ப்பாற்றலைக் கூட்டும் மாத்திரைத் தொகுப்புக்கு நாற்பது விழுக்காடு தள்ளுபடி என்று அதே செயலியில் ஒரு செய்தியும் வந்தது. இயல்பாக இருப்பதை எதற்குக் கூட்ட வேண்டும் என்று எழுதிக் கேட்டேன், பதில் வரவில்லை. மாறாக, அறிக்கை பற்றிக் கேட்பதற்கென்று கொடுத்திருந்த எண்ணில் பேசிய நோய்க்குறியியல் மருத்துவர் பதினைந்து நிமிடம் பொறுமையாக விளக்கினார். "இந்த டெஸ்ட் உங்க கேள்விக்குப் பதில் சொல்லாது மேடம், பெரிய குறை எதுவும் இல்லைன்னு மட்டும்தான் சொல்லும்" என்றார். அந்த ஒரு வாக்கியம் அச்சில் இருந்திருந்தால் ஐந்துக்கு நான்கு தந்திருப்பேன், இப்போது மூன்று. எண்ணிக்கையின் துல்லியத்துக்கும் அந்த மருத்துவருக்கும் சேர்த்து அந்த மூன்று. குளிர்ப்பெட்டிக்கும் கடைசி வரிக்குமாக இரண்டைக் கழித்திருக்கிறேன்.

'என் எதிர்ப்பாற்றல் எவ்வளவு' என்று தெரிந்துகொள்ளும் ஆவலில் தாமாகவே இதைச் செய்துகொள்ள நினைப்பவர்கள் அந்தக் காசை வேறெதற்காவது வைத்துக்கொள்ளலாம். அக்கி வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: பக்கத்துத் தெருவில் குயவர் ஒருவர் இன்னமும் செங்காவியால் அக்கி எழுதுகிறார், முதல் முறை என் அத்தை வற்புறுத்தி எழுதிக்கொண்டபோது குளிர்ச்சியாக இருந்ததை மறுக்க மாட்டேன். ஆனால் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்கினால்தான் முழுப்பயன் கிடைக்கும் என்பதால், காவி காயும் வரை மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடக் கூடாது. நான் இருந்துவிட்டேன், விலாவில் அந்த எரிச்சல் நான்கு மாதம் நீடித்தது.

அறிக்கையைப் பார்த்த என் மருத்துவர் இரண்டு நிமிடத்தில் அதை மடித்துவைத்துவிட்டு, தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொன்னார். உயிருள்ள வைரஸ் இல்லாமல், அதன் மேலுறையிலுள்ள கிளைக்கோபுரதம் ஈ என்ற ஒன்றை மட்டும், டி செல்களை உரக்க எழுப்பும் துணைப்பொருளோடு சேர்த்துக் கொடுப்பது, ஐம்பது வயதுக்கு மேற்பட்டோருக்கு 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது, இரண்டு தவணை. ஒரு தவணையின் விலை இந்தப் பரிசோதனையின் கட்டணத்தைப்போல் இருமடங்குக்கும் மேல். முதல் ஊசிக்குப் பிறகு இரண்டு நாள் கை தூக்க முடியவில்லை, லேசான காய்ச்சலும் இருந்தது. அடுத்த ஊசி ஐப்பசியில்.